நான்காவது தூண் எங்கிருந்து முளைத்தது?

மே 3, நவம்பர் 16 ஆகிய இரண்டு நாள்கள் வந்தால் போதும். உலகப் பத்திரிகைச் சுதந்திர நாள், தேசியப் பத்திரிகை நாள் என்று வாழ்த்துச் செய்திகள் வரிசை கட்டும். அமைச்சர் முதல் வட்டச் செயலாளர் வரை எல்லாருக்கும் ஒரே வாக்கியம்: 'ஜனநாயகத்தின் நான்காவது தூணாக விளங்கும் பத்திரிகைத் துறை…' சுவரொட்டியோடு நின்றால் விட்டுவிடலாம். மொழிபெயர்ப்புக் கட்டுரைகளிலும் பத்திரிகைத் துறையைக் குறிக்கும் 'ஃபோர்த் எஸ்டேட்' (Fourth Estate) வரும் இடமெல்லாம் இந்தத் தூணை நட்டுவிடுகிறார்கள். 'எட்மண்ட் பர்க் பத்திரிகையை நான்காவது தூண் என்றார்' என்று, பதினெட்டாம் நூற்றாண்டு பிரிட்டிஷ் அரசியல்வாதி ஒருவரின் பெயரில் கூசாமல் எழுதுகிறார்கள். பர்க் பெயரில் உலவும் அந்தக் கூற்றில் தூணும் இல்லை, கட்டடமும் இல்லை.

'எஸ்டேட்' என்ற சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். லத்தீன் 'ஸ்டேடஸ்' என்றால் நிற்கும் நிலை. அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து 'எஸ்டேட்' ஆனது. அரசைக் குறிக்கும் 'ஸ்டேட்' அதன் உடன்பிறப்பு. சமூகத்தில் ஒருவர் நிற்கும் நிலை, அந்த நிலையில் இருப்பவர்களின் கூட்டம், அவர்களுடைய சொத்து என்று பொருள் கிளைத்தது. நமக்கு வந்து சேர்ந்தது கடைசிப் பொருள் மட்டும்தான். எஸ்டேட் என்றதும் வால்பாறையும் தேயிலையும் நினைவுக்கு வருவது அதனால்தான்.

அரசியலில் அந்த நடுப்பொருள்தான் முக்கியம். பிரான்சில் குருமார் முதல் எஸ்டேட், பிரபுக்கள் இரண்டாவது, மிச்சமுள்ள அத்தனை பேரும் மூன்றாவது. 1789 மே மாதம் வெர்சாயில் கூடியது இந்த மூன்றின் சபை. இங்கிலாந்தில் ஆயர்கள், பிரபுக்கள், பொதுமக்கள் என்று எண்ணுவார்கள்; அரசர், பிரபுக்கள், பொதுமக்கள் என்று எண்ணியவர்களும் உண்டு. நான்காவது எஸ்டேட் என்ற பட்டம் முதலில் பத்திரிகைக்குக் கிடைக்கவும் இல்லை. 1752இல் ஆங்கில நாவலாசிரியர் ஹென்றி ஃபீல்டிங் அதைத் தெருக்கும்பலுக்குக் கொடுத்தார். மூன்றை மட்டுமே எண்ணுகிறீர்களே, இவ்வளவு பலமுள்ள இந்தக் கூட்டத்தை விட்டுவிட்டீர்களே என்று கிண்டல்.

பத்திரிகைக்கு அந்தப் பட்டம் வந்தது, மேலே உட்கார்ந்து அவை நடப்பைப் பார்க்கும் நாடாளுமன்ற மாடத்தின் வழியாக. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் நெடுங்காலம் தன் விவாதங்களை அச்சிடவே விடவில்லை. 1771இல் அப்படி அச்சிட்டவர்களுக்குத் துணை நின்ற லண்டன் மேயர் பிராஸ் கிராஸ்பியைக் கோட்டைச் சிறைக்கே அனுப்பினார்கள். மெல்ல மெல்லத்தான் செய்தியாளர்களுக்கு மாடத்தில் இடம் கிடைத்தது. 1828இல் மெக்காலே (ஆமாம், நம் ஊரில் ஆங்கிலக் கல்விக்காகத் திட்டு வாங்கும் அதே மெக்காலேதான்) செய்தியாளர்கள் உட்காரும் மாடம் நாட்டின் நான்காவது எஸ்டேட் ஆகிவிட்டது என்று எழுதினார். 1840இல் ஒரு சொற்பொழிவில் எழுத்தாளர் தாமஸ் கார்லைல் இதையே பர்க் சொன்னதாகச் சொன்னார்: அவையில் மூன்று எஸ்டேட்டுகள், அதோ அந்த மாடத்தில் அவை எல்லாவற்றையும்விட முக்கியமான நான்காவது உட்கார்ந்திருக்கிறது. பர்க் இறந்து நாற்பது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவர் சொன்னார் என்பதற்குக் கார்லைலின் வாய்ச்சொல்தான் ஆதாரம்.

சரி, இதில் தூண் எங்கே வந்தது? என் ஊகம் இது: இரண்டு 'மூன்று'கள் குழம்பிவிட்டன. சட்டமன்றம், நிர்வாகம், நீதித்துறை என்ற மூன்று, 1748இல் பிரெஞ்சுச் சிந்தனையாளர் மொந்தெஸ்கியூ வகுத்த அதிகாரப் பிரிவினையின் வழியில் வந்தவை. குருமார், பிரபுக்கள், பொதுமக்கள் என்பது வேறு மூன்று. முதல் பட்டியல் அரசின் உறுப்புகள்; இரண்டாவது சமூகத்தின் தரப்புகள். பின்னதில் நீதிபதிக்கு இடமே கிடையாது. நான்காவது என்ற எண்ணைப் பின்னதிலிருந்து எடுத்து முன்னதில் ஒட்டினால், பத்திரிகை அரசின் உறுப்பாகிவிடுகிறது. இந்தியிலும் 'சௌதா ஸ்தம்ப்'தான். ஆக, குழப்பம் நம்முடையது மட்டுமில்லை.

வெறும் சொல் குழப்பம் என்றால் இவ்வளவு நீட்ட மாட்டேன். தூண் கூரையைத் தாங்கும். தாங்குவதைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லை. அதனால்தான் ஆட்சியாளர்களுக்கு இந்த உவமை இனிக்கிறது. 'நீங்கள் தூண் அல்லவா, பொறுப்போடு நடந்துகொள்ள வேண்டாமா?' என்று கேட்க வசதி. மாடத்தில் உட்கார்ந்து பார்ப்பவரிடம் அப்படிக் கேட்க முடியாது. பத்திரிகையாளர்களுக்கும் பட்டம் பிடித்திருக்கிறது, மறுப்பானேன்? அடையாள அட்டையோடு கொஞ்சம் அரசு மரியாதையும் சேர்ந்து கிடைக்கிறதே.

நம் அரசியலமைப்பில் இந்தத் தூணுக்கு அடித்தளமும் இல்லை. பத்திரிகைச் சுதந்திரத்துக்கென்று தனிச் சரத்து கிடையாது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் இதைக் கேட்டபோது அம்பேத்கர் தெளிவாகப் பதில் சொன்னார்: குடிமகனுக்கு இல்லாத தனி உரிமை எதுவும் பத்திரிகைக்கு இல்லை, ஆசிரியரும் குடிமகன்தான், அவர் எழுதும்போது தன் பேச்சுரிமையைத்தான் பயன்படுத்துகிறார். 1950இல் 'கிராஸ் ரோட்ஸ்' இதழுக்குச் சென்னை மாநில அரசு போட்ட தடையை உச்ச நீதிமன்றம் நீக்கியதும் குடிமகனுக்குப் பேச்சுரிமை தரும் 19(1)(அ) சரத்தை வைத்துத்தான். தூணுக்கான உரிமை என்று யாரும் வாதாடவில்லை.

மாடம் என்ற பொருள் இந்தியாவில் எவ்வளவு பொருந்துகிறது என்பதற்கு ஃபெரோஸ் காந்தியின் சட்டம் போதும். நாடாளுமன்றத்தில் பேசியதை உள்ளபடி வெளியிடுபவர் மேல் வழக்குப் போட முடியாது என்று 1956இல் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்து நிறைவேற்றினார். அவசரநிலையின்போது, 1976இல், அவருடைய மனைவி இந்திரா காந்தியின் அரசு அதை ரத்து செய்தது. 1977இல் ஆட்சி மாறியதும் சட்டம் திரும்பி வந்தது. அடுத்த வருடம் 44ஆவது திருத்தம் அந்தப் பாதுகாப்பை 361அ என்று அரசியலமைப்பிலேயே சேர்த்தது. சண்டை முழுவதும் மாடத்தில் இருப்பவர் கீழே நடப்பதை வெளியே சொல்லலாமா என்பதைப் பற்றியது. 1987இல் தமிழகச் சட்டமன்றம் ஓர் அட்டைப்பட நகைச்சுவைக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்கு 3 மாதச் சிறை விதித்தது. எதிர்ப்பு கிளம்பிச் சில நாளிலேயே விடுவித்தார்கள். ஒரு தூண் இன்னொரு தூணைச் சிறையில் போட்டது என்று இதை எழுதிப் பாருங்கள், அபத்தம் தெரியும்.

அப்புறம் என்னதான் சொல்வது? நேர்ப்பொருள் பார்த்து 'நான்காம் நிலை' என்றால் நோய் முற்றிவிட்டது போலிருக்கிறது. 'நான்காம் வகுப்பு' பள்ளிக்கூடம். 'நான்காம் பிரிவு' என்றால் கடைநிலை ஊழியர். 'நான்காம் வருணம்' என்று ஒருவர் எழுதிப் பார்த்திருந்தார், வேண்டவே வேண்டாம். 'நான்காம் அணி' எனக்குப் பிடித்தது, ஆனால் தேர்தல் காலத்தில் அதற்கு எத்தனை தொகுதி என்று கேட்பார்கள். அரசனைக் கண்டித்துத் திருத்துபவரைக் குறள் 'இடிப்பார்' என்கிறது, அருமையான சொல். அது வேலையைச் சொல்கிறது, இவர்கள் யார் என்பதைச் சொல்லவில்லை. 'குழாம்' என்றால் பொருள் சரி, காது மறுக்கிறது.

என் தேர்வு 'நான்காம் தரப்பு'. அரசுத் தரப்பு, எதிர்க்கட்சித் தரப்பு என்று தினமும் எழுதிப் பழகிய சொல். தனித்தமிழ் அன்பர்கள் உடனே கொடி பிடிப்பார்கள்: தரப்பு அரபியின் 'தரஃப்' ஆயிற்றே! உண்மைதான். தூணைத் தூய தமிழ் என்றே வைத்துக்கொண்டாலும் பொருள் பிழை. பிழையான தூய தமிழுக்கும் சரியான பழகிய சொல்லுக்கும் நடுவில் எனக்குத் தயக்கம் இல்லை. இன்னொரு மறுப்புக் கொஞ்சம் கனமானது: ஊடகம் நடுநிலையாக இருக்க வேண்டியது, அதைத் தரப்பு என்றால் பக்கச்சார்பை ஒப்புக்கொண்டது ஆகாதா? எஸ்டேட் என்ற சொல்லிலேயே அது இருக்கிறது. குருமாரும் பிரபுக்களும் தங்கள் நலனைக் காக்கத்தான் சபைக்கு வந்தார்கள். முதலாளி, விளம்பரதாரர், கட்சி என்று ஊடகத்துக்கும் நலன்கள் உண்டு. கட்சிக்கொரு தொலைக்காட்சி பார்த்த தமிழ்நாட்டுக்கு இதை விளக்க வேண்டுமா? தூண் என்ற சொல் அதை மறைக்கிறது, தரப்பு காட்டிக்கொடுக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், உண்மையிலேயே தூண் என்று பொருள்படும் சொல் வந்தபோது நம் முன்னோர் ஏமாறவில்லை. 1936இல் ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் மாட்ரிட்டை நோக்கி நான்கு படைவரிசைகள் வர, ஊருக்குள்ளேயே ஐந்தாவது ஒன்று காத்திருக்கிறது என்றார்கள். ஆங்கிலத்தில் படைவரிசைக்கு 'காலம்' (column). தூணுக்கும் அதே சொல்தான். தமிழில் 'ஐந்தாம் படை' என்று பொருள் அறிந்து பெயர்த்தார்கள், இன்றும் அது நிற்கிறது. இன்றைய அவசர மொழிபெயர்ப்பாளர் கையில் கிடைத்திருந்தால் துரோகிகள் 'ஐந்தாவது தூண்' ஆகியிருப்பார்கள். இப்போது சமூக ஊடகத்துக்கு அந்தப் பட்டத்தையும் சூட்டத் தொடங்கிவிட்டார்கள். சொல்லைத் தேடாமல் எண்ணை மட்டும் கூட்டிக்கொண்டே போவதும் ஒரு மொழிபெயர்ப்பு முறை போலிருக்கிறது.

அமைச்சர் மேடையில் 'நான்காவது தூண்' என்று பேசினால் செய்தியில் அப்படியே போடுங்கள். அது அவர் சொன்னது, திருத்துவது நம் வேலை இல்லை. பர்க், மெக்காலே, கார்லைல் வரும் இடத்தில் 'நான்காம் தரப்பு' என்று எழுதுங்கள். பிரெஞ்சுப் புரட்சிக் கட்டுரையிலும் 'மூன்றாம் தரப்பு' என்றே போடலாம். 'மூன்றாவது தூண் கொந்தளித்து எழுந்தது' என்று எழுத இதுவரை யாருக்கும் தோன்றவில்லை.