அம்மாவை வெனிஸுக்கு அழைத்துப் போகிறீர்களா? முதலில் பாலங்களை எண்ணுங்கள்

"தம்பி, இன்னும் எத்தனை பாலம் இருக்கு?"

சான் மார்கோ சதுக்கத்துக்குப் போகும் கரையோரப் பாதையில், ஒரு பாலத்தின் பாதிப் படியில் நின்றபடி திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா என்னிடம் கேட்டார். அவருக்கு 68 வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். ஐரோப்பாவுக்குக் குழுக்களை அழைத்துப் போகும் டூர் மேனேஜர் வேலைக்கு நான் அப்போது புதியவன். "பக்கம்தாம்மா, அரை கிலோமீட்டர் கூட இருக்காது" என்றேன். சொன்னது பொய்யில்லை. ஆனால் அந்த அரை கிலோமீட்டருக்குள் இன்னும் மூன்று பாலங்கள் இருந்தன. மூன்றாவது பாலத்தில் அவர் உட்கார்ந்துவிட்டார். அன்று அவர் சதுக்கத்தைப் பார்க்கவே இல்லை.

அந்த அம்மாவின் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

வெனிஸ் நகரம் நூற்றுக்கும் மேற்பட்ட சிறு தீவுகளின் மேல் நிற்கிறது. அவற்றை இணைப்பவை 400-க்கும் மேற்பட்ட பாலங்கள். அடியில் படகு போக வேண்டும் என்பதால் பெரும்பாலான பாலங்கள் வளைவாக எழும்பி இறங்கும். இந்தப் பக்கம் பத்துப் பதினைந்து படி ஏறினால் அந்தப் பக்கம் அதே அளவு இறங்க வேண்டும். கார் கிடையாது, ஆட்டோ கிடையாது, பழைய நகருக்குள் சைக்கிளுக்குக் கூடத் தடை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகவும் கூடாது. கைபேசி வரைபடம் "8 நிமிடம்" என்று காட்டும்போது அதற்குள் எத்தனை படிகள் இருக்கின்றன என்று சொல்வதில்லை. என் குழுவில் வயதானவர்கள் இருந்தால் முந்தின நாள் இரவே வழியை விரித்து வைத்துப் பாலங்களைத்தான் எண்ணுகிறேன்.

நம் ஊரிலிருந்து போகும் பெரும்பாலான குழுக்களுக்கு ஒரே அச்சில் வார்த்த திட்டம்தான். பஸ்ஸை ட்ரொன்கெட்டோ தீவில் நிறுத்துவார்கள். அங்கிருந்து ஒரு படகு, சான் மார்கோவுக்குச் சற்றுத் தள்ளி இறக்கிவிடும். மீதித் தூரம் கரையோரமாக நடை. அந்த நடையில்தான் மேலே சொன்ன பாலங்கள் வரிசையாக வருகின்றன. அப்புறம் சதுக்கம், ஒரு கண்ணாடிப் பட்டறை, கோண்டோலா என்னும் துடுப்புப் படகில் அரை மணி நேரச் சவாரி, திரும்பப் படகு. நான்கு மணி நேரத்தில் வெனிஸ் முடிந்தது. நானும் இந்தத் திட்டத்தை நடத்தியிருக்கிறேன். காசு கொடுத்து வருகிறவர்களுக்கு இது நியாயமில்லை என்று இப்போது வெளிப்படையாகவே சொல்கிறேன். குறைந்தது ஒரு இரவாவது தங்குங்கள். தீவுக்குள் அறை வாடகை கட்டுப்படியாகாவிட்டால் எதிரே நிலப்பகுதியில் இருக்கும் மெஸ்த்ரேயில் தங்கலாம்.

மெஸ்த்ரேயிலிருந்து வர ரயில், பஸ், டிராம் மூன்றும் உண்டு. வயதானவர்களோடு வந்தால் ரயிலைத்தான் சொல்வேன். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் சாந்தா லூசியா ரயில் நிலையத்தில் இறங்கிவிடலாம், வெளியே வந்தால் எதிரிலேயே படகுத்துறை. பஸ்ஸும் டிராமும் பியாட்சாலே ரோமாவில் நின்றுவிடும். அங்கிருந்து ரயில் நிலையத்தின் பக்கம் நடந்து போனால் 2008-இல் திறந்த புதிய பாலத்தைக் கடக்க வேண்டும். கண்ணாடிப் படிகளில் பலர் வழுக்கி விழுந்து பெயர் கெட்ட பாலம் அது. மழை நாளில் அந்தப் பக்கம் யாரையும் நடத்திக் கூட்டிப் போக மாட்டேன், பியாட்சாலே ரோமாவிலேயே படகு ஏறிவிடலாம். பெட்டிகளை அறையிலேயே விட்டுவிடுங்கள். சக்கரப் பெட்டியை ஒவ்வொரு பாலத்திலும் தூக்கிப் பார்த்தால்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.

இனி, ஊருக்குள் சுற்ற.

வெனிஸ்காரர்களின் டவுன்பஸ் வப்பொரெட்டோ என்னும் படகு. ஒன்றாம் எண் படகு, ஊரின் நடுவே ஓடும் 'கிராண்ட் கனால்' என்னும் பெரிய கால்வாயின் இரு கரையிலும் மாறி மாறி எல்லா நிறுத்தங்களிலும் நின்று போகும். பியாட்சாலே ரோமாவில் ஏறினால் சான் மார்கோ சேர முக்கால் மணி நேரம் ஆகும். "இவ்வளவு மெதுவாகவா?" என்று குழுவில் யாராவது கேட்காமல் இருந்ததில்லை. ஆனால் அந்த மெதுவில்தான் ஊர் கண்ணுக்குத் தெரிகிறது. இங்குள்ள பழைய மாளிகைகளின் முகப்பும் தலைவாசலும் தண்ணீரைப் பார்த்திருக்கின்றன. தெருவில் நடப்பவருக்கு அவற்றின் முதுகுதான் தெரியும். ரயில் நிலையத்திலிருந்து போகும்போது இடப்பக்கம் கா தோரோ மாளிகையின் கல் சாளரங்கள் வரும், பிறகு 1591-இல் கட்டி முடித்த ரியால்டோ பாலத்துக்கு அடியில் நுழைவீர்கள். கடைசியில் வலப்பக்கம் சலூத்தே தேவாலயத்தின் பெரிய குவிமாடம். 1630-இல் வந்த கொள்ளைநோய் தீர வேண்டும் என்று நேர்ந்துகொண்டு கட்டிய கோயில் அது. அதிகாலைப் படகில் போங்கள். காய்கறியும் குளிர்பானப் பெட்டிகளும் ஏற்றிய சரக்குப் படகுகள் எதிரே வரும், குப்பை வண்டியும் படகுதான். ஊர் விழித்தெழுவதைப் பார்க்கலாம், உட்கார இடமும் கிடைக்கும்.

கட்டணம் அதிகம்தான். இதை எழுதும்போது ஒரு டிக்கெட் 9.50 யூரோ, 75 நிமிடம் செல்லும். 24 மணி நேர அட்டை 25 யூரோ, 48 மணி நேரத்துக்கு 35, 72 மணி நேரத்துக்கு 45. ஒரு நாளில் மூன்று முறை ஏறினாலே அட்டை லாபம். அட்டை கையில் இருந்தால் மட்டும் போதாது, ஒவ்வொரு முறை ஏறும் முன்பும் துறையில் இருக்கும் கருவியில் தொட்டு ஒலி வந்ததா என்று பார்க்க வேண்டும். அட்டை வாங்கியும் தொடாததால் அபராதம் கட்டியவர்கள் என் குழுவிலேயே இருவர்.

சக்கர நாற்காலியில் இருப்பவர்களும் ஒன்றாம் எண்ணிலும் இரண்டாம் எண்ணிலும் ஏறலாம். துறையே மிதவை மேல் இருப்பதால் படகின் தளத்தோடு ஏறத்தாழ சமமாக நிற்கும். அந்த முழங்கால் வலி அம்மாவுக்கு நான் அன்று செய்திருக்க வேண்டியது இதுதான்: ஒன்றாம் எண்ணில் ஏற்றி 'சான் மார்கோ வல்லரெஸ்ஸோ' நிறுத்தத்தில் இறக்கியிருக்க வேண்டும். இறங்கி எதிரே இருக்கும் சந்தில் நேராக உள்ளே போய், முதல் பெரிய தெருவில் வலப்பக்கம் திரும்பினால் சதுக்கம். ஒரு பாலம் கூடக் குறுக்கே வராது. அடுத்த நிறுத்தமான சான் சக்காரியாவில் இறங்கினால் பாலம் ஏறாமல் முடியாது. ஒரே நிறுத்தம் தள்ளி இறங்குவதில் ஒருவருடைய நாளே மாறிவிடுகிறது.

பெரிய துறைகளில் ஏ, பி, சி என்று பல மிதவைகள் இருக்கும். எண்ணை மட்டும் பார்த்து ஏறாதீர்கள், படகு எந்தத் திசைக்குப் போகிறது என்றும் கேளுங்கள். ஒரு முறை கோவைத் தம்பதியர் ரியால்டோ போக சான் சக்காரியாவில் நின்றிருக்கிறார்கள். இரண்டாம் எண் வேகமாகப் போகும் என்று யாரோ சொன்னதை நம்பி அதில் ஏறிவிட்டார்கள். அது ஜுதேக்கா தீவு வழியாக ஊரை வெளிப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனது. ஐயாவின் கைபேசியில் சார்ஜ் இல்லை, அம்மாவிடம் கைபேசியே இல்லை. அவர்கள் ரியால்டோவில் வந்து இறங்க முக்கால் மணி நேரத்துக்கும் மேல் ஆனது. அதுவரை அங்கே நின்ற அவர்கள் மகளின் அழுகையை நான் மறக்கவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் ஒரு தாள் வைக்கிறேன். தங்குமிடத்தின் பெயர், இறங்க வேண்டிய நிறுத்தம், என் எண், அவ்வளவுதான்.

பலருக்கும் தெரியாத ஒன்று ட்ரகெட்டோ. பெரிய கால்வாய் நெடுக நான்கே பாலங்கள்தான். இடைப்பட்ட சில இடங்களில் இருவர் துடுப்புப் போடும் பெரிய கோண்டோலா ஆட்களை அக்கரை சேர்க்கிறது. வெளியூர்க்காரருக்கு 2 யூரோ. மீன் சந்தைக்கும் சாந்தா சோஃபியாவுக்கும் நடுவே போவது எனக்குப் பிடித்த இடம். உள்ளூர்க்காரர்கள் கூடையோடு நின்றுகொண்டே கடப்பார்கள். நீங்கள் உட்கார்ந்துகொள்ளுங்கள், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஓரிரு நிமிடப் பயணம்தான், ரியால்டோவின் படிகளை மிச்சப்படுத்தும்.

கோண்டோலா விஷயத்தில்தான் ஏமாற்றமும் சண்டையும் அதிகம். நகராட்சி விதித்த கட்டணம் பகலில் 30 நிமிடத்துக்கு 90 யூரோ, இரவு 7 மணிக்கு மேல் 35 நிமிடத்துக்கு 110 யூரோ. இது படகுக்கு, தலைக்கு இல்லை. ஐந்து பேர் வரை ஏறலாம். பாட்டு இதில் சேராது, வேண்டுமென்றால் தனியாகப் பேச வேண்டும். காலை வைக்கும் முன்பே எத்தனை நிமிடம், எந்த வழி, எவ்வளவு என்று மூன்றையும் கேட்டுவிடுங்கள்.

படகு ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதே என்று ஏறியவுடன் பலர் பயப்படுவார்கள். அதன் கட்டமைப்பே அப்படித்தான். துடுப்பு ஒன்றுதான், அதுவும் வலப்பக்கம். அதை ஈடுகட்ட இடப்பக்கத்தை 24 சென்டிமீட்டர் கூடுதல் அகலமாகக் கட்டுகிறார்கள். நாமாகச் சரிசெய்ய நினைத்து மறுபக்கம் நகர்ந்தால்தான் ஆபத்து. 2023 டிசம்பரில் படம் எடுக்க எழுந்து இடம் மாறிய பயணிகளோடு ஒரு கோண்டோலா பாலத்தடியில் கவிழ்ந்து, எல்லாரும் குளிர்ந்த தண்ணீரில் விழுந்தார்கள். படகோட்டி எங்கே உட்காரச் சொல்கிறாரோ அங்கே உட்காருங்கள், இறங்கும் வரை எழ வேண்டாம். இருக்கை மிகவும் தாழ்வு. தரையிலிருந்து எழச் சிரமப்படுகிறவர்களுக்கு கோண்டோலாவிலிருந்து எழுவதும் சிரமம்தான். அவர்களுக்கு வப்பொரெட்டோவின் பின்பக்கத் திறந்த இருக்கையே போதும்.

தனி வாட்டர் டாக்ஸி சொகுசு. விமான நிலையத்திலிருந்து வர 100 யூரோவுக்கு மேல் ஆகும். ஆறேழு பேர் பெட்டிகளோடு வந்தால் மட்டும் யோசிக்கலாம்.

கண்ணாடிப் பொருட்களுக்குப் பெயர் பெற்ற முரானோ தீவுக்கு இலவசப் படகு என்று யாராவது அழைத்தால், அது கண்ணாடிக் கடையின் வாசலுக்குத்தான் போகும், அங்கே வாங்கச் சொல்லி வற்புறுத்துவார்கள். அட்டை இருந்தால் நீங்களே போகலாம். ஃபொந்தமெந்தே நோவேயிலிருந்து 12-ஆம் எண் படகு முரானோ வழியாக புரானோ போகிறது, முக்கால் மணி நேரம். வீட்டுக்கு வீடு வண்ணம் மாறும் தீவு புரானோ. மாலையில் திரும்பும் வரிசை மிக நீளம், நான்கு மணிக்குள் கிளம்பிவிடுங்கள்.

அக்டோபர் முதல் குளிர்காலம் வரை கடல்மட்டம் ஏறும் நாட்கள் வரும். 2019 நவம்பர் 12 அன்று 187 சென்டிமீட்டர் ஏறியது. 2020 அக்டோபரிலிருந்து மோசே என்னும் தடுப்புக் கதவுகள் பெரிய வெள்ளத்தைத் தடுக்கின்றன. ஆனால் சான் மார்கோ சதுக்கம் ஊரிலேயே தாழ்வான இடங்களில் ஒன்று, கதவை எழுப்பத் தேவையில்லாத சிறிய ஏற்றத்திலேயே அங்கே தண்ணீர் தேங்கும். அந்த நாட்களில் பலகை நடைபாதை போடுவார்கள். ஒரு ஜோடி ரப்பர் செருப்பு பையில் இருக்கட்டும்.

ஒருநாள் மட்டும் வருகிறவர்களுக்குச் சில நாட்களில் நுழைவுக் கட்டணம் உண்டு. 2024 ஏப்ரல் 25-இல் தொடங்கியது. 2025-இல் முன்கூட்டிக் கட்டினால் 5 யூரோ, கடைசி நேரத்தில் 10. மெஸ்த்ரே உட்பட நகராட்சி எல்லைக்குள் தங்குகிறவர்களுக்கு விலக்கு உண்டு, ஆனால் அதையும் இணையத்தில் பதிவு செய்து வைத்திருக்க வேண்டும். குழுவில் 25 பேருக்கு மேல் கூடாது, ஒலிபெருக்கி கூடாது. டூர் மேனேஜர் நண்பர்களே, காதில் மாட்டும் கருவிகளுக்குச் செலவு செய்யுங்கள். அந்தச் சந்துகளின் மாடிகளில் இன்னும் மனிதர்கள் குடியிருக்கிறார்கள்.

கடைசியாக, கால்வாயில் இறங்கும் படிகள். மேலே காய்ந்திருக்கும், கீழ்ப்படிகளில் பாசி. அதில் நின்று படம் எடுக்கப் போய், போன வருடம் என் குழுவில் ஒரு மாமா வழுக்கி விழுந்தார், மணிக்கட்டில் எலும்பு விரிசல். 112-ஐ அழைத்தோம். ஆம்புலன்ஸும் படகாகத்தான் வந்தது. வீங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு, கரையில் நின்ற அத்தையைப் பார்த்து அவர் சொன்னார்: "நீ மெதுவா வா, படி பார்த்து வா."