அணைக்குக் கீழே போகும் தண்ணீர் வீணா?

கோவையில் பல வீடுகளில் இரண்டு குழாய். ஒன்றில் உப்புத் தண்ணி, இன்னொன்றில் நல்ல தண்ணி. நல்ல தண்ணி என்றால் சிறுவாணி. சுவையில் உலகிலேயே இரண்டாவது என்பார்கள். முதலிடம் யாருக்கு என்று கேட்டால் பேச்சு மாறிவிடும்.

குடிநீர்ப் பொறியாளர் என்பதால், மழை பெய்ததும் என்னிடம் வரும் கேள்வி ஒன்றுதான்: "ஏனுங்க, கேரளாக்காரங்க அணையத் தெறந்து தண்ணிய வீணாக்கறாங்களே?"

அணை இருப்பது பாலக்காடு மாவட்டத்தில். 1973 ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 1.3 டி.எம்.சி. (130 கோடி கன அடி) நமக்கு. முழு நீர்மட்டம் 49.5 அடி, பாதுகாப்பைக் காரணம் காட்டி 45 அடியை ஒட்டியே கேரளம் நிறுத்திவிடுகிறது. மிச்சம் ஆற்றில் போகிறது. அந்த வழக்கை இரண்டு அரசுகளும் பேசிக்கொள்ளட்டும். எனக்குச் சண்டை 'வீண்' என்ற சொல்லோடு.

அந்தத் தண்ணீர் அட்டப்பாடியில் இருளர், முடுகர் ஊர்ப்பக்கம் ஓடிப் பவானியில் சேர்கிறது. பவானி, முள்ளி வழியாகத் தமிழ்நாட்டுக்குள் வந்து பில்லூர் அணையில் நிற்கிறது. பில்லூர்த் தண்ணீரையும் குடிப்பது கோவைதான். 2024-ல் திறந்த மூன்றாவது திட்டம் மட்டுமே நாளைக்கு 17.8 கோடி லிட்டருக்கானது. மீனுக்கும் கரை மரத்துக்கும் ஆட்டுக்கும் கொடுத்தது போக, சுற்றி வந்து நம் குடத்தில்தான் விழுகிறது.

மழைக்காலத்தில் எடுப்பதை ஆறு தாங்கும். கோடையில் மலைச் சோலைக்காடும் புல்வெளியும் கசியவிடுவதுதான் ஆறு. ஊருக்குத் தாகம் கூடுவதும் அப்போதே. கங்கையின் மலைப்பகுதிக்கு 2018-ல் மத்திய அரசு ஓர் அளவு வைத்தது: சராசரி ஓட்டத்தில் நவம்பர் முதல் மார்ச் வரை 20 சதவீதம், அக்டோபர், ஏப்ரல், மே மாதங்களில் 25, ஜூன் முதல் செப்டம்பர் வரை 30 சதவீதம் ஆற்றில் ஓடியாக வேண்டும். நம் மலை ஆறுகளுக்கும் இப்படி எழுத்தில் ஓர் எண் வேண்டும். அதிகாரியின் நல்ல மனதை நம்பி ஆறு ஓடாது.

அப்படியானால் ஊருக்கான தண்ணீருக்கு எங்கே போவது? 1.3 டி.எம்.சி. என்பது நாளைக்குச் சுமார் 10 கோடி லிட்டர். குழாய் வழியில் ஏற்படும் இழப்பை 15 சதவீதத்துக்குள் வைக்கச் சொல்கிறது மத்திய அரசின் குடிநீர்க் கையேடு. அந்த 15 சதவீதமே ஆளுக்கு 135 லிட்டர் வீதம் ஒரு லட்சம் பேருக்கு மேல் காணும். புதுத் திட்டத்துக்கு அடிக்கல் உண்டு, கசிவை அடைக்க ஏது அடிக்கல்?

ஒரு புறநகரில் நள்ளிரவு இரண்டு மணிக்குக் கசிவு தேடினோம். வால்வுக் குழிக்குள் இரும்புக் கம்பியை ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்தேன். 'உஸ்' என்று விடாத சத்தம். உடைந்த குழாய் என்றே நினைத்தேன். தண்ணி விடுகிறவர் டார்ச்சைத் திருப்பினார். "பைப்பு இல்லீங்க சார், மூணாவது வூட்டுத் தொட்டி." நிலத்தடித் தொட்டி நிரம்பி வாசல் வழியாகச் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. தட்டி எழுப்பினோம்.

"எட்டு நாளைக்கொருக்கா விடற தண்ணிங்க. மூடிட்டுத் தூங்க முடியுங்களா?" என்றார் வீட்டுக்காரர்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. தொட்டி நிறைந்ததும் தானாக மூடிக்கொள்ளும் மிதவை வால்வு சில நூறு ரூபாய்தான். கடை திறந்ததும் வாங்கி மாட்டச் சொல்லிவிட்டு அடுத்த குழிக்கு நடந்தோம்.