'ஹாரர்' என்றால் பேயா?

போன மாதம் சேலத்தில் ஒரு சிறிய அரங்கில் ஆஸ்திரிய இயக்குநர் மைக்கேல் ஹானெக்கேயின் 'ஃபன்னி கேம்ஸ்' (1997) திரையிட்டார்கள். வாசலில் கொடுத்த தாளில், 'வன்முறையை ரசிக்கும் நம்மையே கேள்வி கேட்கும் பேய்ப்படம்' என்று அச்சிட்டிருந்தது. பக்கத்து இருக்கை அம்மா அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஏங்க, பேய் எப்போது வரும்?" என்று கேட்டார். அந்தப் படத்தில் பேயே கிடையாது. வெள்ளைக் கையுறை அணிந்த இரண்டு இளைஞர்கள், முட்டை கேட்டு ஒரு வீட்டுக்குள் நுழைகிறார்கள்.

ஆங்கில 'ஹாரர்' என்பதைத்தான் தாளில் 'பேய்ப்படம்' ஆக்கியிருந்தார்கள். 'ஹாரர்' இலத்தீன் வழி வந்த சொல். மயிர் குத்திட்டு நிற்பது, உடல் நடுங்குவது என்று பொருள். நம்முடைய 'திகில்' அதற்குப் பொருந்தும். கன்னடத்தில் 'திகிலு', தெலுங்கில் 'திகுலு' என்று அதற்கு உறவும் உண்டு.

'பேய்ப்படம்' என்றால்தான் மக்களுக்குப் புரியும் என்கிறார்கள். என்ன புரிகிறது? அந்த அம்மாவுக்குப் புரிந்தது தவறாக அல்லவா புரிந்தது! 'அணங்கே விலங்கே கள்வர்தம் இறையெனப் பிணங்கல் சாலா அச்சம் நான்கே' என்கிறது தொல்காப்பியம். அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு: அணங்கு என்னும் பேய் தெய்வங்கள், விலங்கு, கள்வர், இறை என்னும் அரசன். அணங்கு அதில் ஒன்றுதான். மற்ற மூன்றையும் வெட்டி எறிந்துவிட்டு ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வது எப்படி மொழிபெயர்ப்பாகும்? ஹானெக்கேயின் படம் கள்வர் தரும் அச்சம். அதற்கும் மேலே ஒரு படி போகிறது. வீட்டுக்காரப் பெண் துப்பாக்கியைப் பறித்து ஒருவனைச் சுட்டதும் எங்கள் அரங்கில் கைதட்டல் எழுந்தது. உடனே மற்றவன் ரிமோட்டைத் தேடி எடுத்துப் படத்தையே பின்னோக்கி ஓட்டினான். செத்தவன் பிழைத்துவிட்டான். தட்டிய கைகள் பாதியில் நின்றன, என் கைகளும்தான். சிறுவன் சுடப்படும்போதோ, கேமரா சமையலறையில் ரொட்டி தயாரிப்பவனோடு நின்றுவிடுகிறது. பார்க்க ஆசைப்பட்டதைக் காட்ட மறுத்து, 'ஏன் ஆசைப்பட்டாய்?' என்று கேட்கிற படம் அது. அதற்குப் 'பேய்ப்படம்' என்று பெயர் வைத்தால் குற்றம் பேயின் தலையில் போய் விழுகிறது, பார்த்தவர் தப்பிவிடுகிறார். இந்தச் சொல்லை நான் எதிர்ப்பது இதற்காகவே.

'திகில்' என்பதையும் விட்டுவைக்கவில்லை. கொலைகாரனைப் போலீஸ் துரத்தும் த்ரில்லர் எல்லாம் விளம்பரத்தில் திகில் படமாகிவிடுகிறது. அதற்கு 'விறுவிறுப்பு' போதுமே! அகராதியைப் புரட்ட ஐந்து நிமிடம் ஒதுக்காத மொழிபெயர்ப்பாளர்களால் நல்ல சொற்கள் தேய்கின்றன.

அடுத்த திரையிடலுக்கான தாள் செவ்வாய்ப்பேட்டை அச்சகத்துக்குப் போவதற்கு முன் என்னிடம் காட்டச் சொல்லியிருக்கிறேன். சரி என்றிருக்கிறார்கள்.