உளியால் செதுக்க முடியாத மலைகள்

சீனத்தின் சிங் அரசமரபுக் காலத்தில், குறிப்பாகப் பேரரசர் சியான்லோங் ஆண்ட 1736 முதல் 1795 வரையிலான ஆண்டுகளில், அரண்மனைக் கூடங்களிலும் கற்றோரின் எழுதுமேசைகளிலும் ஜேட் என்னும் மதிப்புமிக்க கல்லாலான பலகைகள் நிமிர்ந்து நின்றன. கீழைக் கடலில் இருப்பதாக நம்பப்பட்ட பெங்லாய்த் தீவு, மேலைத் திசை அன்னையரசி என்னும் தெய்வம் வாழும் குன்லுன் மலை, சாவை வென்ற முனிவர்கள், கொக்குகள், முறுகி வளைந்த பைன் மரங்கள் ஆகியவை அவற்றில் அடுக்கடுக்காகப் புடைத்துத் தெரியும். செதுக்குவேலை என்றே இதைச் சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் இந்தக் கல் உளிக்கு இணங்காது. இங்குள்ள ஒவ்வொரு பாறையும் இலையும் அரைத்தே எடுக்கப்பட்டவை.

காரணம் கல்லின் உள்ளமைப்பில் இருக்கிறது. சீனர்கள் நெடுங்காலம் பயன்படுத்தியது நெஃப்ரைட் என்னும் வகை. பர்மாவிலிருந்து வந்து, ஜேட் என்றே அழைக்கப்பட்ட ஜேடைட் வேறொரு கனிமம் என்பதை 1863-இல் பிரெஞ்சு வேதியியலாளர் டமூர் காட்டினார். கால்சியம், மக்னீசியம், சிலிக்கா ஆகியவற்றால் ஆன நெஃப்ரைட்டின் நுண்ணிய இழைகள், அடித்து இறுக்கிய கம்பளியைப் போல ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. கீறலைத் தாங்கும் திறனை 1 முதல் 10 வரை மதிப்பிடும் மோஸ் அளவுகோலில் இதன் கடினம் 6 முதல் 6.5 வரைதான். கடினத்தில் 10 பெறும் வைரமோ சரியான தளத்தில் அடி விழுந்தால் பிளந்துவிடும். நெஃப்ரைட்டில் விரிசல் நேராக ஓட வழியில்லை. இழைக்கு இழை திசைமாறி வலுவிழந்து நின்றுவிடுகிறது. கீறலைத் தாங்குவதும் உடைவைத் தாங்குவதும் வெவ்வேறு பண்புகள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

ஆகவே கைவினைஞர்கள் இந்தக் கல்லைவிடக் கடினமான மணலிடம் வேலையை ஒப்படைத்தார்கள். குவார்ட்ஸ், கார்னெட், குருந்தம் ஆகிய கனிமங்களின் பொடியை நீரில் குழைத்துக் கல்லின்மேல் இட்டு, கால்மிதியால் முன்னும் பின்னும் சுழலும் இரும்புத் தட்டை அதன்மீது அழுத்துவார்கள். இரும்பு கல்லை வெட்டுவதில்லை. பொடியை ஓட்டிச் செல்வது மட்டுமே அதன் பணி. ஆழமான குடைவுகளுக்குக் குழல் துளைப்பான், பெரிய பாளங்களை அறுக்கக் கம்பி வாள், இறுதி மெருகுக்கு மரமும் தோலும் உதவின.

உடையாத தன்மைதான் மெல்லிய பைன் கிளைகளைப் பின்னணியிலிருந்து பிரித்து நிறுத்த இடம் தருகிறது. இழைகளின் எண்ணற்ற எல்லைகளில் ஒளி சிதறுவதால் கல் கண்ணாடிபோல் தெளியாமல், எண்ணெய் பூசியதுபோல் மங்கி ஒளிர்கிறது. பின்னால் விளக்கு இருந்தால் மெலிந்த இடங்கள் வெளுத்தும் தடித்த இடங்கள் இருண்டும் தெரிய, தொலைமலைகளில் மூடுபனி படர்ந்ததாகத் தோன்றும். மக்னீசியத்தின் இடத்தில் இரும்பு அமரும் அளவுக்கேற்பப் பச்சை கூடுகிறது. ஆற்றில் உருண்ட கற்களின் மேற்தோல் இரும்பு ஆக்சிஜனேற்றத்தால் பழுப்பாகியிருக்கும். அதை அகற்றாமல் மேகமாகவோ இலையுதிர்கால மரமாகவோ மாற்றிய கைகளே, என் பார்வையில், மிகத் தேர்ந்த கைகள்.

பலகை அல்ல என்றாலும், இந்தத் தொழில்நுட்பத்தின் எல்லையைக் காட்டுவது பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் உள்ள ஜேட் மலை. மாமன்னர் யூ வெள்ளத்தை அடக்கிய தொன்மக்கதையைச் சித்திரிக்கும் இது இரண்டு மீட்டருக்கும் அதிக உயரமும் ஏறத்தாழ 5 டன் எடையும் கொண்டது. கல் இன்றைய சின்சியாங்கிலிருந்து வந்தது. வேலை யாங்சோ நகரில் நடந்தது. அங்கு அனுப்பப்பட்ட, மெழுகால் செய்த மாதிரியுரு வெயிலில் உருகிவிடும் என்று அஞ்சி மரத்தில் இன்னொன்று செய்துகொண்டார்கள். 1787-இல் பணி முடிந்தது.

இன்று சந்தைக்கு வரும் ‘பழங்கால’ப் பலகைகளில் சில, கத்தியாலேயே வெட்டக்கூடிய மாக்கல்லால் ஆனவை. உண்மையான நெஃப்ரைட்டாக இருந்தால், அரைத்த முறையை அறிய, பள்ளங்களை சிலிக்கோனில் அச்செடுத்து மின்னணு நுண்ணோக்கியில் பார்க்கும் முறையை பிரிட்டிஷ் அருங்காட்சியக ஆய்வாளர்கள் பயன்படுத்தியிருக்கிறார்கள். உதிரிப் பொடி விட்ட தடங்களும் வைரம் பதித்த இக்காலக் கருவி விட்ட தடங்களும் அதில் வேறுபட்டுத் தெரிகின்றன. ஆனால் அந்தத் தடம் சொல்வது அரைத்த முறையை மட்டுமே. பழைய முறையிலேயே புதிதாக ஒருவர் அரைத்திருந்தால், காலத்தை முடிவுசெய்ய வடிவமும் நடையும் கைமாறிவந்த வரலாறும் தேவைப்படும்.