ட்ரெயில் கேமரா: தமிழில் ‘தடக் கேமரா’

‘தானியங்கி கேமராவில் சிக்கிய சிறுத்தை’ என்று செய்தித் தலைப்பு வரும். படிப்பவர்களில் பாதிப் பேர் சிறுத்தையைப் பிடித்துவிட்டார்கள் என்றே நினைத்துக்கொள்வார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் அது தன்பாட்டுக்கு நடந்து போயிருக்கும். சிக்கியது படம் மட்டும்தான். இந்தக் குழப்பத்துக்குப் பாதிக் காரணம் அந்தக் கருவிக்குத் தமிழில் இன்னும் ஒரு பெயர் நிலைக்காததுதான். ‘தானியங்கி கேமரா’, ‘கண்காணிப்பு கேமரா’, ‘கேமரா ட்ராப்’, ‘சென்சார் கேமரா’ என்று ஆளுக்கொரு பெயர் சொல்கிறோம்.

கருவி எளிமையானது. செங்கல்லைவிடச் சற்றுச் சிறிய பெட்டி, மரத்தைச் சுற்றிக் கட்ட ஒரு பட்டை. முகத்தில் லென்ஸ் ஒன்று, அதற்குக் கீழே உடல்வெப்பத்தை உணரும் சென்சார், மேலே இரவு வெளிச்சத்துக்குச் சிறு விளக்குகளின் வரிசை. ஆள் யாரும் இல்லாதபோது விலங்கு முன்னால் வந்தால் தானே படம் எடுத்துக்கொள்ளும்.

ஆங்கிலத்திலேயே இதற்கு இரண்டு பெயர்கள் உண்டு. ட்ரெயில் கேமரா என்பது வேட்டைக்காரர்களின் பேச்சு. மான் எந்த வழியில், எத்தனை மணிக்கு வருகிறது என்று முன்கூட்டியே வேவு பார்க்க அமெரிக்க வேட்டைக்காரர்கள் இதை வாங்கினார்கள். சந்தை பெருகியதே அவர்களால்தான். ஆய்வாளர்கள் அதே பெட்டியை கேமரா ட்ராப் என்கிறார்கள். வேட்டைக்காரர்களின் வேவு அளவுக்கு மீறிப் போனதால், விலங்குக்குத் தப்ப வாய்ப்பே இல்லாத வேட்டை நியாயமான வேட்டையா என்ற கேள்வி எழுந்தது. அரிசோனா மாநிலம் 2022 ஜனவரி முதல் வேட்டைக்காக இதைப் பயன்படுத்துவதையே தடை செய்துவிட்டது.

சொல்லுக்கு வருவோம். ட்ரெயில் என்பதன் வேர் ‘இழுத்தல்’ என்ற பொருள் தரும் லத்தீன் சொல். தரையில் எதையோ இழுத்துப் போனால் விழும் கோடு முதலில் ட்ரெயில் ஆனது. அப்புறம் விலங்கு விட்டுச்சென்ற அடையாளம், கடைசியில் அந்த அடையாளங்களால் ஆன பாதை. தமிழில் ‘தடம்’ இதே வேலையைச் செய்கிறது. காலடித்தடம் என்றால் சுவடு. வண்டித்தடம் என்றால் பாதை. கொங்குப் பேச்சில் வழிக்கு இன்றும் ‘தடம்’ என்றே பெயர். சுவட்டுக்கும் பாதைக்கும் ஒரே சொல் என்பது தற்செயலாக இருக்கலாம், ஆனால் நமக்கு வசதி. ட்ரெயிலுக்கு இவ்வளவு பொருத்தமான சொல் கையில் இருக்க, வேறு எங்கும் தேட வேண்டியதில்லை.

கேமரா என்றால் லத்தீனில் அறை. ‘இருட்டறை’ என்று பொருள்படும் தொடரின் பின்பாதி உதிர்ந்துபோய் வெறும் ‘அறை’ மட்டும் மிஞ்சியது. ஒளிப்படக்கருவி, படக்கருவி என்று தமிழில் சொல்லலாம், தவறில்லை. ஆனால் ‘கேமரா’ நம் வாயில் ஊறிவிட்டது. ‘தட ஒளிப்படக்கருவி’ என்று எழுதினால் இலக்கணம் நிற்கும், யாரும் சொல்ல மாட்டார்கள்.

மிச்சம் இருப்பது ட்ராப். சுவையான பகுதி இதுதான்.

இதற்கு நேர்ச்சொல் ‘பொறி’. எலிப்பொறியில் இருப்பது அதுதான். பொறியியலில் அதுவே இயந்திரம். ஐம்பொறி என்றால் புலன் உறுப்புகள். தீப்பொறி என்றால் கண்ணில் பட்டு மறையும் ஒளி. சோழரின் புலிப்பொறி என்றால் முத்திரை. கல்லில் பொறிப்பது என்றால் பதிப்பது. இப்போது மரத்தில் கட்டிய பெட்டியை நினைத்துப் பாருங்கள். அது ஓர் இயந்திரம், அதற்கு ஒரு புலன் உண்டு, இரவில் ஒரு மின்னல் அடிக்கிறது, உருவத்தைப் பதித்துக்கொள்கிறது, விலங்குக்காகக் காத்திருக்கிறது. ஐந்து வேலைக்கும் ஒரே சொல்.

இன்னும் பின்னால் போனால், நற்றிணையின் 119-ஆம் பாட்டில் ‘சிறு பொறி மாட்டிய பெருங்கல் அடாஅர்’ வருகிறது. தினையை மேய வரும் பன்றிக்காகப் புனத்துக்காரன் வைத்த கல்பொறி அது. அடார் என்பது மேலே சாய்த்து நிறுத்திய பெரிய கல். அதைத் தாங்கி நிற்கும், தொட்டால் விடுபடும் சின்ன அமைப்புக்குத்தான் ‘சிறு பொறி’ என்று பெயர். ஆங்கிலத்தில் ட்ரிகர் என்கிறோமே, அதேதான். கேமரா விற்பவர்கள் ‘ட்ரிகர் வேகம்’ என்று அட்டையில் அச்சடிப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சிறு பொறி நினைவுக்கு வரும். அந்தப் பாட்டில் பன்றி தப்பிவிடும், புலி வந்து மாட்டிக்கொள்ளும்.

இன்று கதை தலைகீழ். 2018-ஆம் ஆண்டின் இந்தியப் புலிக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமராக்கள் வைத்தார்கள். கிடைத்த படங்கள் சுமார் 3 கோடியே 48 லட்சம். அவற்றில் புலி இருந்தவை 76,651, சிறுத்தை இருந்தவை 51,777. இரண்டையும் கூட்டினாலும் நூற்றில் ஒன்று தேறாது. பொறி வைத்தது புலிக்கு, வந்து விழுந்தது மற்றதெல்லாம்.

கேமராவின் சிறு பொறி முதலில் வெறும் கம்பியாகத்தான் இருந்தது. அமெரிக்கப் புகைப்படக்காரர் ஜார்ஜ் ஷிராஸ், கம்பியை விலங்கின் கால் தட்டினால் ஷட்டர் திறந்து மக்னீசியப் பொடி வெடித்து ஒளிரும்படி அமைத்தார். அவருடைய 74 படங்களை 1906 ஜூலையில் நேஷனல் ஜியாக்ரபிக் வெளியிட்டது. வனத்துறை அதிகாரி எஃப். டபிள்யூ. சாம்பியன் 1920-களில் வட இந்தியக் காடுகளில் புலிகளைத் தங்கள் படத்தைத் தாங்களே எடுத்துக்கொள்ள வைத்தார். இந்தக் கட்டத்தை நாம் ‘கண்ணி’ என்றே சொல்லலாம். கண்ணிவெடியில் இருக்கும் அதே கண்ணி. 1990-களில் புலி ஆய்வாளர் உல்லாஸ் காரந்த் கர்நாடகத்தின் நாகரஹொளே காட்டில் கேமரா வைத்து, வரிகளைக் கொண்டு ஒவ்வொரு புலியையும் அடையாளம் கண்டு எண்ணிக்கையைக் கணக்கிடும் முறையைக் கொண்டுவந்தார். புலியின் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் ஒன்றல்ல. அதனால்தான் கணக்கெடுப்பில் பாதையின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கேமரா நிற்கிறது.

இப்போது கம்பி இல்லை, சென்சார்தான். அது விலங்கைப் ‘பார்ப்பதில்லை’. பின்னணிக்கும் உடலுக்கும் உள்ள வெப்ப வேறுபாடு நகர்வதை உணர்கிறது, அவ்வளவுதான். இது புரியாமல் நான் முதல்முறை கேமராவைக் கட்டிவிட்டு வந்து, ஒரு வாரம் கழித்து கார்டைத் திறந்தால் ஆயிரத்துச் சொச்சம் படங்கள். அத்தனையிலும் ஒரே புல். வெயிலில் சூடேறி, காற்றில் ஆடி, லென்ஸுக்கு ஒரு முழம் முன்னால் தலையாட்டிக்கொண்டிருந்தது. இரவுப் படங்கள் இன்னும் மோசம். விளக்கின் ஒளி முழுவதும் அந்தப் புல்லில் பட்டுத் திரும்பி, புல் மட்டும் வெள்ளை வெளேர், பின்னால் ஒரே கும்மிருட்டு. ஏதோ ஒன்று அங்கே நின்றிருந்தது, இரண்டு கண்கள் மின்னின. என்ன விலங்கு என்று இன்றுவரை தெரியாது. அன்றிலிருந்து கத்தரிக்கோல் இல்லாமல் போவதில்லை.

வெயில் உச்சியில் சுற்றுப்புறமும் விலங்கின் உடலும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருந்தால் சென்சார் மந்தமாகிவிடும். கிழக்கு, மேற்கு பார்த்து வைத்தால் காலையும் மாலையும் சூரியன் நேரே லென்ஸில் அடிக்கும். உயரம் விலங்கைப் பொறுத்தது; பெரிய விலங்குக்கு ஏறக்குறைய முழங்கால் உயரம் போதும். பாதைக்கு நேர் குறுக்காகப் பார்க்க வைத்தால் வேகமாகக் கடக்கும் விலங்கின் வால்தான் கிடைக்கும். சற்றுச் சாய்வாக, பாதை நீள்வாக்கில் தெரியும்படி வைத்தால் முழு உடலும் கிடைக்கும். கட்டி முடித்ததும் முன்னால் தவழ்ந்து பாருங்கள். நின்றுகொண்டு கையசைத்துச் சோதிப்பவர்கள்தான் அதிகம். நரி நின்றுகொண்டு வராது.

வாங்கும்போது மெகாபிக்சல் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். அட்டையில் உள்ள பெரிய எண் பெரும்பாலும் மென்பொருள் ஊதிப் பெருக்கியது. சிறு பொறி எத்தனை வேகம், ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதைத்தான் கேட்க வேண்டும். இரவு விளக்கில், ஒளியின் அலைநீளத்தை வைத்து, 850 நானோமீட்டர், 940 நானோமீட்டர் என்று இரண்டு வகை. முன்னது தூரம் எட்டும், ஆனால் உற்றுப் பார்த்தால் மங்கலான சிவப்பு தெரியும். பின்னது நம் கண்ணுக்குத் தெரியாது, அதற்கு விலையாகத் தூரம் குறையும். இரண்டிலும் இரவுப் படம் கறுப்பு வெள்ளைதான். வரியையும் புள்ளியையும் வைத்து விலங்கை இனம் காண வேண்டுமென்றால் வெள்ளை மின்னல் அடிக்கும் வகைதான் தெளிவு. பேட்டரி லித்தியமாக இருந்தால் கடைசிவரை ஒரே பலத்தில் நிற்கும். தேதியும் நேரமும் சரியா என்று பாருங்கள், மறந்தால் எல்லா விலங்கும் ஜனவரி 1 அன்றே வந்துபோனதாகக் காட்டும்.

காடு யாருடையதோ அவர்களின் அனுமதி இல்லாமல் எங்கும் கட்டக் கூடாது. பொறிக்கு மனிதர், விலங்கு என்ற பேதம் தெரியாது. வழிப்போக்கர் படம் விழுந்தால் அழித்துவிடுவதுதான் மரியாதை.

சரி, எந்தச் சொல்? ‘தானியங்கி கேமரா’ எனக்குப் பிடிக்கவில்லை. இன்று தானாக இயங்காத கேமரா எது? ‘கண்காணிப்பு கேமரா’ கடைவாசலிலும் தெருமுனையிலும் ஏற்கெனவே குடியேறிவிட்டது. ‘வேவுக் கேமரா’ பொருளால் சரி, ஆனால் கேட்டாலே குளியலறை நினைவுதான் வருகிறது. ‘கேமராப் பொறி’ அழகான சொல், ஆய்வு முறையைப் பேசும் இடத்தில் அதையே எழுதலாம். பொதுச் செய்தியில் மட்டும் கவனம் வேண்டும். ‘சிறுத்தைக்குக் கேமராப் பொறி வைத்தனர்’ என்றால் கூண்டு என்றே படிப்பார்கள். கடையில் வாங்கி மரத்தில் கட்டும் பெட்டிக்கு என் தேர்வு ‘தடக் கேமரா’. எங்கே கட்ட வேண்டும் என்பதையும் பெயரே சொல்லிவிடுகிறது.

கட்டுகிறோம், வைக்கிறோம், பொருத்துகிறோம், மூன்றும் சரி. விலங்கு அதில் பதிகிறது. ‘சிக்கியது’ என்ற வினையைக் கூண்டுக்கு விட்டுவிடலாம்.