வாக்காளர் கல்வித் திட்டம்: பேரணிக்கு அப்பால் உள்ள உரிமைகள்

இந்தியத் தேர்தல் ஆணையம் 2009 முதல் நடத்திவரும் வாக்காளர் கல்வி மற்றும் தேர்தல் பங்கேற்புத் திட்டம் ‘ஸ்வீப்’ என்ற சுருக்கப் பெயரால் அறியப்படுகிறது. மாவட்டத் தேர்தல் அலுவலர் என்ற பொறுப்பில் ஆட்சியர்கள் இதை நடைமுறைப்படுத்துகிறார்கள். தேர்தல் நெருங்கும்போது கண்ணில் படும் மனிதச் சங்கிலியும் கோலப் போட்டியும் ராட்சத பலூனும் இதன் வெளித்தோற்றம் மட்டுமே. வாக்காளர் பட்டியலுக்கு வெளியே நிற்பவரை உள்ளே கொண்டுவருவதும், உள்ளே இருப்பவர் வாக்குச்சாவடிக்கு வரத் தடையாக இருப்பவற்றை நீக்குவதுமே இத்திட்டத்தின் உண்மையான வேலை.

இந்த வேலையின் தேவை முதல் பொதுத்தேர்தலிலேயே தெரிந்துவிட்டது. 1951–52 தேர்தலுக்கான பட்டியல் தயாரானபோது, அயலாரிடம் தம் பெயரைச் சொல்லத் தயங்கி ‘இன்னாரின் மனைவி’, ‘இன்னாரின் மகள்’ என்று மட்டும் பதிந்துகொண்ட பெண்களில் சுமார் 28 லட்சம் பேரின் பதிவுகளை அன்றைய தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் நீக்க நேர்ந்தது. சட்டம் அனைவருக்கும் வாக்குரிமை தந்திருந்தும், வழக்கம் அதைப் பறித்துக்கொண்டது. 2019 மக்களவைத் தேர்தலில்தான் பெண்களின் வாக்குப்பதிவு விகிதம் (67.18) ஆண்களுடையதை (67.02) முதன்முறையாகத் தாண்டியது, 2024-லும் அந்நிலை தொடர்ந்தது. பெண்கல்வியும் வேலைவாய்ப்பும் உள்ளாட்சி இடஒதுக்கீடும் கூட இந்த மாற்றத்தில் பங்காற்றியிருக்கும் என்பதால், முழுப் பெருமையையும் ஒரு திட்டத்துக்கே கொடுத்துவிட இயலாது.

விளிம்பில் உள்ளவர்களுக்கான ஏற்பாடுகளே இதில் அதிகம் பேசப்படாத பகுதி. ஆண், பெண் என்ற இரண்டில் ஒன்றைக் குறித்தாக வேண்டிய கட்டாயம் திருநர்களுக்கு 2009-இல் நீங்கியது. வீடில்லாமல் நடைபாதையில் உறங்குபவரிடம் முகவரிச் சான்று கேட்கக்கூடாது. பெயர் சேர்ப்பதற்கான விண்ணப்பமான படிவம் 6-இல் அவர் குறிப்பிடும் இடத்துக்கு வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் ஒருமுறைக்கு மேல் சென்று, அவர் அங்கேதான் உறங்குகிறார் என்பதை உறுதிசெய்துகொண்டால் போதும். 85 வயதைக் கடந்தவர்களும் 40 விழுக்காட்டுக்குக் குறையாத மாற்றுத்திறன் கொண்டவர்களும் படிவம் 12டி அளித்து வீட்டிலிருந்தே வாக்களிக்கலாம்; ஆனால் தேர்தல் அறிவிக்கை வெளியான 5 நாட்களுக்குள் அப்படிவம் தேர்தல் நடத்தும் அலுவலர் கைக்குச் சென்றாக வேண்டும். வாக்குச்சாவடிக்கே வர விரும்பும் மாற்றுத்திறனாளிகள் ‘சக்‌ஷம்’ செயலி வழியாகச் சக்கர நாற்காலி கோரலாம். தினக்கூலித் தொழிலாளருக்கும் வாக்குப்பதிவு நாளில் ஊதியத்துடன் விடுப்பு உண்டு என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு சொல்கிறது. தொழிலாளர்களே அறியாத உரிமைகளில் இது முதலிடம் பெறத்தக்கது.

பள்ளி, கல்லூரிகளில் 2018 முதல் தேர்தல் கல்வி மன்றங்கள் அமைக்கப்பட்டு வருகின்றன. பள்ளி மன்றங்களில் 9 முதல் 12-ஆம் வகுப்பு வரையிலான மாணவர்கள் சேர்கிறார்கள். இங்கே மாணவர்கள் முதலில் அறிந்துகொள்ள வேண்டியது ஒரு நடைமுறைச் செய்தியை: ஜனவரி 1-ஆம் தேதியன்று 18 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்ற பழைய விதி மாறி, இப்போது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஆகிய நான்கு மாதங்களின் முதல் நாட்களும் தகுதி நாட்களாகக் கொள்ளப்படுகின்றன. 17 வயது நிரம்பியவர் முன்கூட்டியே விண்ணப்பித்து வைக்கலாம்.

அடுத்தது ஊடக விழிப்புணர்வு. தொலைக்காட்சியில் வரும் அரசியல் விளம்பரங்களுக்கு ஊடகச் சான்றளிப்பு மற்றும் கண்காணிப்புக் குழு முன்கூட்டியே ஒப்புதல் அளிக்க வேண்டும். உச்ச நீதிமன்றம் 2004-இல் பிறப்பித்த ஆணையிலிருந்து வந்த ஏற்பாடு இது. காசு வாங்கிக்கொண்டு செய்தி போல வெளியிடப்படும் விளம்பரங்களையும் இக்குழுவே ஆராய்கிறது. உறுதியானால் அதன் மதிப்பு வேட்பாளரின் தேர்தல் செலவில் சேரும். குற்ற வழக்குகள் உள்ள வேட்பாளர் அவ்விவரத்தைப் பிரசாரக் காலத்தில் மூன்று முறை நாளிதழிலும் தொலைக்காட்சியிலும் வெளியிட்டாக வேண்டும் என்றாலும், அது பொடி எழுத்தில், யாரும் புரட்டாத பக்கத்தில் வந்துவிட்டுப் போவதும் உண்டு. அதனால் வேட்பாளரின் உறுதிமொழிப் பத்திரத்தை ஆணையத்தின் இணையதளத்தில் நேரடியாகப் படிப்பதே மேல். கையில் கிடைக்கும் துண்டறிக்கையில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இல்லையென்றால் அது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவை மீறியது. பணப் பட்டுவாடா போன்ற விதிமீறல்களைப் படம் பிடித்து ‘சி-விஜில்’ செயலியில் பெயர் சொல்லாமலே அனுப்பலாம். 100 நிமிடங்களுக்குள் நடவடிக்கை எடுப்பது அதன் இலக்கு.

இவ்வளவு இருந்தும் பெரிய குறை ஒன்று உள்ளது. விழிப்புணர்வு விளம்பரங்கள் உச்சத்தை எட்டுவது வாக்குப்பதிவுக்கு முந்தைய இரண்டு வாரங்களில். பட்டியலில் பெயர் சேர்ப்பதோ வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு சட்டப்படி முடியாது. பலூனைப் பார்த்து ஆர்வம் கொண்டு வரும் இளைஞருக்கு அந்தத் தேர்தலில் இடமில்லை. அடையாள அட்டையைப் பத்திரமாக வைத்திருப்பவரும், பெயர் பட்டியலில் இல்லையென்றால் வாக்களிக்க முடியாது. ஆகவே தேர்தல் பேச்சே இல்லாத மாதத்தில் ஆணையத்தின் வாக்காளர் சேவை இணையதளத்திலோ 1950 என்ற தொலைபேசி எண்ணிலோ பெயரைச் சரிபார்த்து, இல்லையென்றால் படிவம் 6-ஐயும், முகவரி மாறியிருந்தாலோ பிழை இருந்தாலோ படிவம் 8-ஐயும் அளிக்க வேண்டும்.