நூலக மேசையில் கேட்ட கேள்விக்கு யார் கணக்கு வைப்பது?

சேலத்தில் நூலக மேசையில் உட்கார்ந்தால் என்னென்னவோ கேட்பார்கள். "தண்ணி எங்க சார்?", "இன்னைக்குப் பேப்பர் வந்துடுச்சா?", "குரூப் 4 பழைய கொஸ்டின் பேப்பர் இருக்கா?" நடுவில், ஏற்காட்டிலிருந்து இறங்கி வந்த ஒருவர், "சேலம் வரலாறு புக் எதாவது குடுங்க" என்பார். நாலு வார்த்தை பேச்சுக் கொடுத்தால்தான் விஷயம் வெளியே வரும்: மகளின் பள்ளி ப்ராஜெக்டுக்காக, சேர்வராயன் மலைக்குக் காபி எப்படி வந்தது என்று தெரிய வேண்டும். 1918இல் ரிச்சர்ட்ஸ் தொகுத்த சேலம் மாவட்ட கெசட்டியரை, அதாவது மாவட்ட விவரங்களைச் சொல்லும் அரசு நூலை எடுத்து, காபி வரும் பக்கங்களைத் தேடி, ஆங்கிலத்தைத் தமிழில் சொல்லி, அவர் எழுதிக்கொள்ளும்வரை உடனிருந்தால் முக்கால் மணி நேரம் ஓடிவிடும்.

மாலையில் நோட்டில் தண்ணீருக்கு ஒரு கோடு, காபிக்கும் ஒரு கோடு. அதுவும் கோடு போடும் பழக்கம் இருந்தால்தான். வருகைப் பதிவேடும் இரவல் கணக்கும் நம்மிடம் பக்காவாக இருக்கும். கேள்விக்குத்தான் இடமே இருக்காது.

நூலகப் புள்ளிவிவரத்துக்கான ஐஎஸ்ஓ 2789 தரநிலை, வழி கேட்பதையும் தகவல் கேட்பதையும் ஒன்றாகச் சேர்ப்பதில்லை. அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழக நூலகத்தில் பெல்லா கார் கெர்லிச் உருவாக்கிய 'ரீட்' அளவுகோல் இன்னும் ஒரு படி மேலே போகிறது. நூலகர் போட்ட உழைப்பைப் பார்த்து 1 முதல் 6 வரை எண் போட வேண்டும். தண்ணீர் கேள்விக்கு 1. பல மணி நேரமோ நாட்களோ தேட வைப்பதற்கு 6. நம் காபிக்காரருக்கு நான் 4 போடுவேன். எண் போடுவது ஆளுக்கு ஆள் மாறும் என்பது உண்மைதான். ஒரே மேசையில் மாறி மாறி உட்காருபவர்கள் பத்துக் கேள்விகளை எடுத்து ஒருமுறை பேசி வைத்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

தினமும் எழுத ஆளில்லை என்றால், மாதிரிக்குச் சில வாரங்கள் எழுதினாலும் போதும். ஆனால் டிஎன்பிஎஸ்சி தேர்வுக்கு முந்தைய வாரத்தை மட்டும் எடுத்து 52ஆல் பெருக்கினால், சேலத்தில் எல்லோரும் குரூப் 4 மட்டுமே படிக்கிறார்கள் என்றாகிவிடும். பரீட்சைக் காலம், கோடை விடுமுறை, சாதாரண நாள் என்று கலந்து எடுக்க வேண்டும்.

என்னைக் கேட்டால், எண்ணிக்கையைவிட முக்கியம் நோட்டில் 'பதில் கிடைக்கவில்லை' என்று தனியாக வைக்கும் பத்திதான். ஜவ்வரிசி ஆலைக் கழிவுநீர் பற்றித் தமிழில் புத்தகம் கேட்டு, இல்லை என்று திரும்பியவர் இரவல் கணக்கில் வரவே மாட்டார். அடுத்த முறை புத்தகம் கேட்டுப் பட்டியல் அனுப்பும்போது அந்தப் பத்தியைத்தான் முதலில் புரட்ட வேண்டும்.

வாசகர்களுக்கு: தமிழ்நாட்டில் 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறீர்கள். தொந்தரவாகுமோ என்று தயங்காமல் கேளுங்கள். இல்லை என்றால், "எழுதி வச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

எழுதும்போது கேள்வி, நேரம், உழைப்பு எண், பதில் கிடைத்ததா என்பது போதும். பெயரும் போன் நம்பரும் அந்த நோட்டில் ஏறக்கூடாது. விவாகரத்துச் சட்டமோ ஒரு நோயைப் பற்றியோ கேட்டவர், அடுத்து வருபவர் கண்ணில் பட வேண்டியதில்லை.